எண்ணிக்கையில் விடுபட்டவர்: சபைச் சமூகமும் நகைச்சுவைத் துப்பறிகதையும்

திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் பேராயக் குறிப்பேடுகளையும், மிஷனெரிமாரின் கடிதங்களையும், விசுவாச அறிக்கைகளையும் ஆராய்வது வழக்கம். ஒரு சபையார் தம்மைப்பற்றித் தாமே சொல்லிச் சிரித்துக்கொண்ட கதைகளை ஆராய்வது அரிது. ஆயினும், ஒரு சமூகம் எதைக் கண்டு அழுதது என்பதைப் போலவே, எதைக் கண்டு சிரித்தது என்பதும் அதன் உள்ளத்தைக் காட்டும் சான்றேயாகும்.

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தைக் களமாகக் கொண்டு, மெனோனைட் சபையாரின் வாழ்க்கையை வைத்துப் புனையப்பெற்ற நகைச்சுவைத் துப்பறிகதைகள் 1994ஆம் ஆண்டு முதல் வெளிவந்துள்ளன. ஊரில் ஒரு கொலை நிகழும். ஆனால் இரத்தக் காட்சிகள் விரித்துரைக்கப்பெறா. சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, துப்பறியும் தொழிலைக் கல்லாதவராயினும், ஊராரின் பேச்சையும் நடத்தையையும் கூர்ந்து நோக்கி உண்மையைக் கண்டுபிடிப்பார். கதையின் இடையே சமையற் குறிப்புகளும் வரும். போரையும் ஆணையிடுதலையும் மறுத்து வந்த ஒரு சமாதானச் சபையில் கொலைக் கதைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். விளாத்திகுளம், கோவிற்பட்டிப் பகுதிகளில் ஊழியம் செய்வோருக்கும், அதற்கென ஆயத்தப்படும் மாணவருக்கும் அக்கதைகளால் என்ன பயன் என்றும் கேட்கத் தோன்றும்.

இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது நமது துணிபு. சபைச் சமூகத்தைக் களமாகக் கொண்ட நல்ல நகைச்சுவைத் துப்பறிகதை, குற்றவாளி யாரெனத் தேடுகிறவரையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறது. இந்த உண்மையைச் சிரிப்போடு சொன்ன தமிழ்க் கதையொன்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதப்பெற்றது. அதை எழுதியவர் நம் கரிசல் மண்ணில் ஊழியம் செய்த ஒருவரே.

ஆற்றைக் கடந்த அறுவர்

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680இல் இத்தாலி நாட்டில் பிறந்து, 1710இல் இந்தியா வந்து சேர்ந்த இயேசு சபைத் துறவி. அவர் மதுரை மிஷனில் பணிபுரிந்த தொடக்க ஆண்டுகளில் அவருக்கு உரிய இடங்களுள் ஒன்றாக இருந்தது கோவிற்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டி. பருத்தியும் கம்பும் மிளகாயும் மல்லியும் விளையும் மானாவாரி நிலம் அது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1854 முதல், இராக்லண்ட் ஐயரும் அவருடைய தோழரும் வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரமடித்து நற்செய்தி அறிவித்ததும் இதே வறண்ட வெளியில்தான். நம் சீர்திருத்தச் சபைகளின் தொடக்கத்திற்கு நெடுநாள் முன்னரே கத்தோலிக்கக் குருமார் இம்மண்ணின் வெயிலை அறிந்திருந்தனர்.

வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடியவர், சதுரகராதியைத் தொகுத்தவர் என்று நாம் போற்றுகிறோம். பரமார்த்த குருவின் கதையையோ சிறுவர் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். அயல்நாட்டிலிருந்து வரும் குருமார் மக்கள் பேசும் தமிழைப் பழகிக்கொள்வதற்காக அவர் அதனை எழுதினார். 1822இல் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் பதிப்பித்தார்.

கதையை வாசகர் அறிவர். ஒரு மடத்தின் குருவும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கின்றனர். வைப்பாற்றைக் கண்டு வளர்ந்த விளாத்திகுளத்தார்க்கு இது இரட்டைச் சிரிப்பைத் தரும். ஆண்டின் பெரும்பகுதி உறங்கும் ஆறு அது. ஆற்றைக் கடந்தபின் எல்லாரும் வந்து சேர்ந்தோமா என்று எண்ணுகின்றனர். ஐந்து பேரே இருக்கின்றனர். மீண்டும் எண்ணினாலும் ஐந்தே. ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அலறி, ஆற்றைச் சபிக்கின்றனர். எண்ணினவர் எவரும் தம்மைச் சேர்த்து எண்ணவில்லை. வழிப்போக்கன் ஒருவன் அவர்களுடைய அறியாமையைக் கண்டுகொண்டு, பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டிய பின்னரே, காணாமற்போனவர் கிடைக்கின்றார்.

துப்பறிகதைக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இச்சிறு கதையில் அமைந்துள்ளன. ஒருவர் காணாமற்போயினர், விசாரணை நடைபெறுகின்றது, குற்றஞ்சாட்டப்பட்டது ஆறு, புறத்தேயிருந்து வந்த ஒருவர் மருமத்தை அவிழ்க்கிறார். விசாரித்தவர்களே காணாமற்போனவர்கள் என்பது முடிவு.

இக்கதைக் கரு வீரமாமுனிவர் தாமே கண்டதன்று. மீன் பிடிக்கச் சென்ற பன்னிருவர் தம்மைப் பதினொருவராக எண்ணி அழுத கதை இங்கிலாந்தில் கோத்தம் ஊராரின் பெயரால் வழங்கியது. நம் நாட்டு அத்துவைத ஆசிரியர்களும் இதனை அறிவர். சங்கரரின் உபதேச சாகசிரியிலும், பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய பஞ்சதசியிலும், ஆற்றைக் கடந்த பதின்மருள் பத்தாமவனைத் தேடியவனுக்கு, நீதான் அந்தப் பத்தாமவன் என்று பிறனொருவன் அறிவித்த உவமை இடம்பெறுகின்றது. அங்கே தன்னை அறிதலுக்கு உவமையாக நின்ற கதை, வீரமாமுனிவரின் கையில் ஒரு சமயக் கூட்டத்தைப் பற்றிய நகைச்சுவையாயிற்று. எண்ணத் தெரியாதவர் குருவும் சீடரும் என்றபோது கதையின் கூர்மை மாறுகின்றது. பிறருக்கு வழிகாட்ட வந்தவர்கள் தம்மையே கணக்கில் விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு தடையை எதிர்கொள்ளவேண்டும். பிற சமயத்தாரின் மடங்களை ஏளனஞ்செய்யவே அவர் இக்கதையை எழுதினார் என்று கூறுவாரும் உளர். அவ்வாறாயின் இது தன்னை நோக்கிச் சிரித்த சிரிப்பாகுமா? அவருடைய காலச் சூழலை நோக்குமிடத்து விடை கிடைக்கின்றது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி முதலாக, மதுரை மிஷனின் குருமார் துறவிகளின் உடையையும் குருமாருக்குரிய நடைமுறைகளையும் தாமே மேற்கொண்டிருந்தனர். வீரமாமுனிவர் பல்லக்கும் பரிவாரமும் சூழச் சென்றதாகவே அவருடைய பழைய சரித்திரம் சித்திரிக்கின்றது. குருவின் மதிப்புக்குக் குதிரை வேண்டும் என்று அலைந்து, குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கிய சீடரின் கதையை எழுதியவர், தாமும் குரு என்று அழைக்கப்பட்டவரே. எய்தவர்மேலும் பாயக்கூடிய அம்பு அது. அதனாலேயே அச்சிரிப்பில் நஞ்சு குறைவு.

இன்னுமொரு செய்தியும் நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனெரிமாரைக் கடுமையாக எதிர்த்து நூல்கள் எழுதினார். ஆயினும், கொடுந்தமிழைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சேறியது தரங்கம்பாடியில் அந்த லுத்தரன் மிஷனின் அச்சகத்திலேயே. எதிராளியின் நூலில் பயன் கண்டபோது அதனை அச்சிட்டுக்கொடுத்த பெருந்தன்மை நம் முன்னோர்க்கு இருந்தது. எதிரணியினர் என்று எண்ணப்பட்டவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட செயல் அது.

சாம்பலும் மரமும்

சபைச் சமூகத்தில் நிகழும் துப்பறிதலுக்கு இதனினும் பழமையான சான்று தானியேல் ஆகமத்தின் இணைப்புகளாகிய சூசன்னாவின் கதையும், பேல் என்னும் விக்கிரகத்தின் கதையுமாகும். 1928இல் டாரதி சேயர்ஸ் அம்மையார் தொகுத்த துப்பறிகதைத் திரட்டில் இவ்விரண்டும் சேர்க்கப்பட்டுள்ளன. அவர் இறையியல் நூல்களும் துப்பறிகதைகளும் எழுதியவர். ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகள். அதற்குச் சரியாக 200 ஆண்டுகளுக்கு முன், 1728இல், பெஞ்சமின் சூல்ச் ஐயர் தள்ளுபடி ஆகமங்களையும் தமிழாக்கித் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்திருந்தார். பின்வந்த வேதாகமச் சங்கப் பதிப்புகளில் அவை இடம்பெறாமையால், நம் சபையார் பலர் இக்கதைகளை அறியார். 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் அவற்றைக் காணலாம்.

பேலின் முன் படைக்கப்பட்ட உணவு இரவோடிரவாக மறைந்துபோயிற்று. தெய்வமே உண்டது என்றனர் எழுபது பூசாரிகள். தானியேல் கோயிலின் தரையில் சாம்பலைத் தூவிக் கதவுக்கு முத்திரையிடச் செய்தார். மறுநாட் காலையில் ஆடவர், பெண்டிர், பிள்ளைகள் ஆகியோரின் காலடிகள் சாம்பலில் பதிந்திருந்தன. பீடத்தின்கீழ் ஒரு மறைவழி இருந்தது. இச்சிறு கதையில் தானியேல் இருமுறை சிரித்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. துப்பறிதலும் நகைச்சுவையும் அன்றே கைகோத்து நின்றன.

சூசன்னாவின் கதையிலோ சிரிப்புக்கு இடமில்லை. மக்களுக்கு நியாயாதிபதிகளாக நியமிக்கப்பட்டிருந்த மூப்பர் இருவர், தமக்கு இணங்காத பெண்ணின்மேல் பொய்க்குற்றம் சாட்டுகின்றனர். சபை அவர்களை நம்புகின்றது, அவர்கள் மூப்பராயிற்றே! தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின்கீழ் அவளைக் கண்டீர் என்று வினவ, இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கின்றனர்.

பேலின் கதை பிறர் கோயிலை நோக்கியது. அதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. சூசன்னாவின் கதை நம் சபையை நோக்கியது. அதைக் கேட்டு நாம் நடுங்கவேண்டும். இரண்டிலும் குற்றம் புரிந்தோர் எவரும் ஐயுறாதவர்களே. பதவியின் காரணமாக அவர்கள் எண்ணிக்கைக்கு வெளியே நின்றார்கள்.

பனிக்கட்டியின்மேல் ஓடினவர்

இனி மெனோனைட் சபையாரிடம் வருவோம். 1525இல் சூரிக் நகரில், விசுவாசத்தை அறிக்கையிட்ட வயதுவந்தோருக்கே திருமுழுக்கு உரியது என்று கொண்டு தனித்துப் பிரிந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு அவர்களோடு சேர்ந்த மெனோ சைமன்ஸ் என்பாரின் பெயரே சபையின் பெயராயிற்று. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருங்கே அவர்களை வேட்டையாடினர். அவர்களுள் ஒருவராகிய பெலிக்ஸ் மான்ஸ் 1527இல் சூரிக் நகரத்து ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். நம் சீர்திருத்த மரபின் கரங்களிலும் அந்த நீரின் ஈரம் உண்டு என்பதை வரலாற்று மாணவர் மறக்கலாகாது.

அச்சபையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சியுண்டு. 1569இல் நெதர்லாந்தின் அஸ்பெரன் என்னும் ஊரில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் மறுதிருமுழுக்குக் குற்றத்திற்காகச் சிறைப்பட்டார். தப்பி ஓடிய அவரைக் கள்ளரைப் பிடிக்கும் காவலன் ஒருவன் துரத்தினான். மெலிந்திருந்த டிர்க் மெல்லிய பனிக்கட்டியின்மேல் ஓடிக் கடந்தார். துரத்தியவன் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். காப்பாற்றப்பட்டவன் அவரை விட்டுவிட விரும்பினான். நகரத் தலைவரோ, நீ இட்ட ஆணையை நினைத்துக்கொள் என்று எச்சரித்தார். டிர்க் மீண்டும் சிறைப்பட்டு, அவ்வாண்டு மே மாதம் 16ஆம் நாள் எரிக்கப்பட்டார். 1660இல் வெளிவந்த இரத்தசாட்சிகளின் கண்ணாடி என்னும் பெருநூல் இதனைப் பதிவுசெய்தது. 1685ஆம் ஆண்டுப் பதிப்பில் யான் லாய்கன் வரைந்த படம் இன்றும் பல மெனோனைட் இல்லங்களுக்குப் பழக்கமானது.

துரத்துகிறவன் ஒருவன், தப்புகிறவன் ஒருவன் என்று இருவரும் இந்நிகழ்ச்சியில் உளர். ஆனால் துப்பறிகதையின் முடிவு இங்கே தலைகீழாகின்றது. பிடிபடவேண்டியவன் பிடிக்க வந்தவனைக் காப்பாற்றுகிறான். பிடிக்க வந்தவனும் மீட்கப்படவேண்டியவனே என்று எண்ணிக்கையில் சேர்க்கப்படுகிறான். இப்படிப்பட்ட நினைவுகளால் வளர்க்கப்பட்ட சமூகத்தில் துப்பறிகதை எழுதுவோர், தண்டனையின் இன்பத்தை முதன்மைப்படுத்த இயலாது.

மேலும், அச்சபையாரின் ஒழுங்கு மத்தேயு 18ஆம் அதிகாரத்தைப் பற்றி நிற்பது. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே செல்லவேண்டும். பின் ஓரிருவருடன் செல்லவேண்டும். இறுதியிலேயே சபைக்கு அறிவிக்கவேண்டும். துப்பறிகதையின் இறுதி அத்தியாயமோ இதற்கு நேர்மாறானது. அனைவரையும் ஓர் அறையில் கூட்டி, ஒருவர்மேல் விரலை நீட்டி, அவரை எல்லார்முன்பும் வெளிப்படுத்துவது அதன் வழக்கம். இவ்விரண்டையும் ஒரே ஊரில் வைத்தால் முரண் தோன்றும். முரணிலிருந்து சிரிப்புத் தோன்றும்.

அந்தச் சிரிப்பைப் பயன்கொண்டவர் டாமர் மையர்ஸ் அம்மையார். மெனோனைட் மரபைச் சார்ந்த மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, அன்று பெல்ஜிய ஆட்சியிலிருந்த காங்கோவில் வளர்ந்தவர். 1994இல் தொடங்கிய அவருடைய கதைவரிசையின் தலைவி மக்தலேனா யோடர். பென்சில்வேனியாவில் ஒரு கற்பனைச் சிற்றூரில் பயணியர் விடுதி நடத்தும் மெனோனைட் பெண்மணி. கதையைச் சொல்லுகிறவரும் அவரே. நகரத்திலிருந்து வரும் விருந்தினர் எளிய வாழ்வைச் சுவைக்க விரும்பினால், அவர்களிடம் கூடுதற் கட்டணம் பெற்றுக்கொண்டு, அவர்களுடைய அறையை அவர்களையே பெருக்கித் துடைக்கச் செய்வார்! மரமற்ற வெட்டவெளியில் வாடகை மாட்டின் நிழலில் பரமார்த்த குரு ஒதுங்கியபோது, நிழலுக்கும் தனி வாடகை கேட்ட மாட்டுக்காரன் இவருக்கு உறவினனே. மக்தலேனாவின் கருமித்தனம், கூரிய நாவு, தாழ்மையைப் பற்றிய பெருமை ஆகியவற்றை மறைக்காமல் அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார் ஆசிரியர். ஊராரை ஐயுறும் கண் தன்னையும் காண்கிறது. சபைக்குள்ளிருந்து எழுந்த சிரிப்பு என்பதற்கு அடையாளம் இதுவே.

மெனோனைட் சபை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1889இல் உருசியாவிலிருந்து புறப்பட்ட ஆபிரகாம் பிரீசன் தம்பதியர் நல்கொண்டாவில் பணி தொடங்கினர். 1899இல் மத்திய இந்தியாவின் தம்தரியில் அமெரிக்க மெனோனைட் மிஷன் நிலைகொண்டது; அதற்கு முன்னர் நேர்ந்த பஞ்சத்தில் அனுப்பப்பட்ட தானிய உதவியே அதன் முன்னோடி. திருநெல்வேலிச் சீமையிலும் 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். கஞ்சிக்காக வந்தவர்கள் என்ற ஏச்சைத் தெலுங்கு நாட்டு மெனோனைட்டரும் கரிசல் நாட்டுக் கிறிஸ்தவரும் ஒருங்கே அறிவர்.

தமிழ்ப் புனைகதையில் விடுபட்ட சபை

தமிழில் சபைச் சமூகத்தைப் பற்றிய இத்தகைய கதைவரிசை தோன்றியிருக்கவேண்டும். அதற்கான வித்துகள் நம்மிடம் இருந்தன. தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். முன்சீப் பதவி வகித்தவர். வழக்குகளையும் பொய்ச்சாட்சிகளையும் நாள்தோறும் கண்டவர். நகைச்சுவையும் நியாய விசாரணையும் அந்நூல் முழுதும் விரவிக்கிடக்கின்றன. ஆயினும் அக்கதையின் தலைமை மாந்தர் கிறிஸ்தவச் சபையார் அல்லர். நம் முதல் நாவலாசிரியர் ஊரையெல்லாம் எண்ணினார். தம் சபையை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

1894இல் நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் துப்பறிகதையை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் துப்பறியும் நாவல்களைப் பெருக்கினர். நம் பிரசங்க பீடங்களோ நாவல் வாசிப்பைப் பொதுவாக ஐயத்துடனேயே நோக்கின.

கரிசல் மண் இதிலும் ஒரு பாடம் வைத்திருக்கின்றது. இடைசெவல் கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட கோபல்ல கிராமம், தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்து இம்மண்ணைத் திருத்திக் குடியேறிய ஒரு சமூகத்தின் கதை. தாய்மொழியையும் குலவழக்கையும் காத்துக்கொண்டு, துன்புறுத்தலின் நினைவைப் பாட்டியின் வாயால் கேட்டு வாழும் அவர்கள், பென்சில்வேனியாவில் குடியேறிய மெனோனைட்டரைப் பலவகையிலும் ஒத்தவர்கள். நகைச்சுவை ததும்பும் அந்நாவலின் முற்பகுதியில், நகைக்காக ஒரு பெண் நீர்நிலையில் கொல்லப்படுகிறாள். கொன்றவன் பிடிபடுகிறான். ஊர் கூடி விசாரிக்கின்றது, அவன் கழுவேற்றப்படுகிறான். ஒரே வகையான சமூகம். ஒரே வகையான குற்றம் ஆராய்தல். ஆனால் முடிவு வேறு. டிர்க் வில்லெம்ஸின் நினைவைப் பெற்ற சமூகமும், பெறாத சமூகமும் பிரியும் இடம் அது. நாம் எந்த நினைவுக்கு உரியவர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது தகும்.

ஆங்கிலத்தில் செஸ்டர்ட்டன் 1911 முதல் நூலாக வெளியிட்ட பாதர் பிரவுன் கதைகளை நம் மாணவர் பலர் அறிவர். 1927இல் வந்த தொகுதியில் அக்குருவானவர் தம் துப்பறியும் முறையின் இரகசியத்தை வெளியிடுகிறார். குற்றவாளியைப் புறத்தே நின்று அளந்து பார்ப்பது அவர் முறையன்று. அக்குற்றத்தைத் தாமே செய்யக்கூடியவர் என்று உணரும் அளவுக்குத் தம் உள்ளத்தை ஆராய்வதே அவர் முறை. பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகிய குருவுக்கே இயலும் துப்பறிதல் அது. ஆற்றங்கரையில் சீடர் செய்யத் தவறியதை அவர் செய்தார். முதலில் தம்மை எண்ணினார்.

சிரிப்பின் எல்லை

சிரிப்புக்கு எல்லையில்லை என்று நாம் கூறவில்லை. 2006ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்னும் இடத்தில், மெனோனைட்டருக்கு உறவான ஆமிஷ் சபையாரின் பள்ளிக்குள் ஒருவன் புகுந்து பத்துச் சிறுமியரைச் சுட்டான், ஐவர் மாண்டனர், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தான். பிள்ளைகளை அடக்கம் செய்த ஆமிஷ் மக்கள் அவனுடைய மனைவியைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினர். அவனுடைய அடக்கத்திலும் கலந்துகொண்டனர். அங்கே துப்பறிய ஒன்றுமில்லை. குற்றவாளி யாரென்பது வெளிப்படை. எண்ணிக்கையில் யாரைச் சேர்ப்பது என்பதே எஞ்சிய வினா. கொன்றவனின் விதவையையும் பிள்ளைகளையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். கதைகளில் சிரித்துப் பழகிய அதே உண்மையைக் கண்ணீரில் கைக்கொள்ளவேண்டிய நாள் வரக்கூடும். உண்மையான கொலையைக் கண்டு சிரிக்கிறவன் மூடன். தன்னைக் கண்டு சிரிக்க அறியாதவனோ ஆபத்தானவன்.

சேகரத்தில் நிகழ்வது

இவை நூல்களில் நின்றுவிடும் செய்திகளல்ல. கரிசற்காட்டுச் சேகரம் ஒன்றில் அறுப்பின் பண்டிகை முடிகின்றது. காணிக்கையாக வந்த பருத்தியும், பயறும், சேவலும் ஏலம் விடப்படுகின்றன. இரவில் கணக்குப் பார்க்கையில் தொகை குறைகின்றது. அப்போது ஊரின் கண் முதலில் யார்மேல் விழும்? கோயிலைத் திறந்து மூடும் கோயில் குட்டியார்மேல் விழும். சென்ற ஆண்டு சபைக்குப் புதிதாக வந்த குடும்பத்தின்மேல் விழும். பையை ஏந்தி நின்ற ஏழை வாலிபன்மேல் விழும். ஏலத்தொகையைக் கடன் சொல்லிச் சென்ற பெரியவரை எவரும் எண்ணார். கணக்கை எழுதியவர் தம் கூட்டலைத் திரும்பப் பாரார். சேகரக் கமிட்டியாரும் குருவானவரும் விசாரிக்கிறவர்கள், ஆகவே விசாரிக்கப்படாதவர்கள். ஒரு வாரத்தில் மொட்டைக் கடிதம் ஒன்று பேராயத்திற்குச் செல்லும். ஒரு குடும்பம் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடும். தொகை கிடைத்தாலும் அக்குடும்பம் திரும்ப வருவதில்லை. அறுவரில் ஒருவர் உண்மையாகவே காணாமற்போகும் விதம் இது.

பெயர் கெட்ட கோயில் குட்டியாருக்கு நற்பெயரை மீட்டுத்தருவது எளிதன்று. ஆகவே, விசாரணை தொடங்குமுன் விசாரிப்போர் தம் கணக்கையும் மேசைமேல் வைப்பது நலம். மத்தேயு 18இன் படி முதலில் தனியே சென்று பேசுவது நலம். கலாத்தியர் 6:1இல் பவுல் அடிகள், தவறியவரைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தும்படி கூறுகையிலேயே, சீர்ப்படுத்துகிறவர் தம்மைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கவும் கட்டளையிடுகிறார். அவ்விரண்டையும் அவர் ஒரே வசனத்தில் வைத்தது தற்செயலன்று.

இந்தப் பாடத்தைப் பிரசங்கமாகச் சொன்னால் குற்றச்சாட்டாகவே தோன்றும். கதையாகச் சொன்னால் கேட்போர் சிரித்துக்கொண்டே ஏற்பர். நம் ஆண்டவரும் அவ்வழியையே மேற்கொண்டார். தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு, பிறன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க முன்வரும் மனிதனை அவர் மலைப்பிரசங்கத்தில் தீட்டிக் காட்டினார். துப்பறிகிறவனைப் பற்றிய நகைச்சித்திரம் அதனினும் கூரியது வேறில்லை. தாவீதினிடம் சென்ற நாத்தான் தீர்க்கதரிசியும், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைக் களவாடிய செல்வனின் கதையையே கூறினார். நீதிபதியாகக் கொதித்தெழுந்த அரசர், குற்றவாளி தாமே என்று அறிந்தது கதை முடிந்த பின்னரே.

நம் இறையியல் மாணவர் இத்தகைய கதைகளைத் தொகுக்கலாம். இயன்றவர் எழுதவும் செய்யலாம். திண்ணையிலும் சாவடியிலும் உபதேசியாரைப் பற்றியும், மூப்பரைப் பற்றியும், குருவானவரைப் பற்றியும் நம் மக்கள் சொல்லிச் சிரிக்கும் கதைகள் எத்தனையோ உண்டு. அவற்றை அவமதிப்பு என்று அடக்கிவிடாமல், செவிகொடுத்துக் கேட்பது ஆயர் பணியின் ஒரு பகுதியே. வெளியே எவரையும் நாணச் செய்யாமல், உள்ளே நம்மை நாணச் செய்யும் கதையே நல்ல கதை என்பது அளவுகோலாக இருக்கட்டும்.

மேல்வீட்டறையில் ஆண்டவர் தம் பந்தியிருந்தோரை நோக்கி, உங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று அறிவித்தார். குற்றவாளி அறைக்குள்ளேயே இருக்கிறான் என்று அறிந்த அந்தப் பன்னிருவரும், மாற்கு சுவிசேஷத்தின்படி, ஒருவர்மேல் ஒருவர் விரல் நீட்டவில்லை. நானோ என்று ஒவ்வொருவராய்க் கேட்கத் தொடங்கினர். பின்னர் அவர்கள் தவறினர், சிதறி ஓடினர், ஆயினும் அந்த ஒரு நாழிகையில் அவர்கள் சரியாக எண்ணினர். திருவிருந்துப் பந்தியை அணுகுமுன் நம்மை நாமே சோதித்தறியுமாறு நமக்கு இடப்பட்ட கட்டளையும் அந்த எண்ணிக்கையைக் கற்பிப்பதற்கே.